பிரிவு இரண்டு: மழை

குலசேகரம் சந்தை ரோட்டில்
டயர்க் கடைக்கு மேல்மாடியில் என் ஜெராக்ஸ் கடை.
பதினொரு மணிக்குப் பாலளந்துவிட்டு வருகிறார்கள்,
கையில் ஆசிட் வாடை,
நெற்றியில் ஹெட்லைட் வார் பதிந்த கோடு.

"நேத்து சபையில பாஸாயிட்டாம்.
வாசிச்சுச் செல்லு பிள்ளே, லேசா."

நேற்று பாஸானது ஏழு.
நாற்பத்திரண்டு நிமிடத்தில் ஏழு.
சந்தை வரிக்கு ஒன்று, பல்கலைக்கழகத்துக்கு ஒன்று,
பழைய சட்டத்தில் ஒரு கால்புள்ளியை
அரைப்புள்ளியாக்க ஒன்று.
ஆறாவதுதான் இவர்களுக்கு:
ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்
மழைநாள் படிச் சட்டமுன்வடிவு.

மழை பெய்து வெட்டு இல்லாத நாளுக்கு
அரைக்கூலி.
இவ்வளவுதான் சட்டம்.
மீதிப் பதினொரு பக்கமும்
இந்த ஒரு வரியைச் சுற்றிக் கட்டிய வேலி.

தாசையன் கேட்டார்: "அப்போ நாளைக்கே கிட்டுமா?"

பஸ்ஸை வைத்துச் சொன்னேன்.
வடசேரியில் ஏறி டிக்கெட் எடுத்தாச்சு,
அதுதான் நேற்று எல்லாரும் போட்ட 'ஆம்'.
தக்கலையில் ஆளுநர் கையெழுத்து.
திருவட்டாறில் அரசிதழ்.
குலசேகரத்தில் இறங்கி
விதிகள் என்றொரு வண்டிக்கு நிற்கணும்.
அது பேச்சிப்பாறை வண்டி.
எப்போ வரும் என்று
பலகையில் போட்டிருக்காது.

சிரித்தார்கள். கிளாடிஸ் சிரிக்கவில்லை.
"மழைன்னா என்னன்னு போட்டிருக்கு?"

பிரிவு இரண்டு, உட்பிரிவு உ.
'மழைநாள்' என்பது
காலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் இடையே
அறிவிக்கை செய்யப்பட்ட மழைமானியில்
பத்து மில்லிமீட்டருக்குக் குறையாமல்
மழை பதிவாகும் நாள்.

"மூணு மணிக்கு நான் மரத்துக்கிட்ட நிப்பேன்.
ரெண்டு மணிக்கு ஒரு சாறல் போரும்,
பட்டை நனைஞ்சா பால் தடத்த விட்டுப் பரந்து போவும்,
சிரட்டையில விழாது.
ஆறு மணிக்குப் பளிச்சுன்னு வெயில்.
அன்னைக்கு மழை உண்டா, இல்லியா?"

லேசாகச் சொல்வதென்றால்
இல்லை.

"மானி எங்க இருக்கு?"
அணைக்கட்டில்.
"நான் வெட்டுறது மலைக்கு இந்தப் பக்கம்."
தெரியும்.
"அஞ்ச பெய்யாம இஞ்ச மட்டும் பெய்யுமே."
தெரியும் கிளாடிஸ்.

அதற்கடியில் வரம்புரை என்றொரு சொல்.
அது என்ன என்றார் வர்க்கீசு.
கொடுத்த கையின் மடங்கிய விரல் என்றேன்.
"எனினும், மழைமறைப்பு கட்டிய மரங்களுக்கு
இப்பிரிவு பொருந்தாது."
முன்னூறு மரத்தில் நூற்றிருபதுக்கு
முதலாளி பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருக்கிறார்,
கிழிந்தவையும் சேர்த்து.

பன்னிரண்டரைக்கு ஓட்டின் மேல் அடித்தது.
கரண்ட் போச்சு.
ஒன்பதாம் பக்கம் மிஷினுக்குள் பாதியில் நின்றது.
குடை இருந்தும் யாரும் கிளம்பவில்லை.
வர்க்கீசு ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி
உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்துப் பார்த்து,
"இது சட்டத்துக்கு உள்ள பெய்யுதா, வெளிய பெய்யுதா?"
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
வெளியே.

கிளாடிஸ் என் தண்ணீர்க் குப்பியை எடுத்து
மிச்சத்தைக் குடித்துவிட்டு
வெட்டுக்கத்தியால் அதன் கழுத்தை அறுத்தாள்,
பட்டை சீவுகிற அதே சாய்வில்.
ஸ்கேல் கேட்டாள். கொடுத்தேன்.
"கட்டம் போட்டு அடிச்சுத் தா.
தேதி, மணி, மில்லி, குறிப்பு.
விதி எழுதுறவனுக்கு அனுப்பலாம்."

கரண்ட் வந்ததும் முப்பது தாள் அடித்தேன்.
காசு வாங்கவில்லை என்று எழுத ஆசைதான்.
வாங்கினேன். பேப்பர் விலை அப்படி.

அடுத்த வாரம் முதல் தாளோடு வந்தாள்.
செவ்வாய். இரவு 2.10. நான்கு மில்லி. வெட்டில்லை.
புதன். இரவு 1.40. ஏழு மில்லி. வெட்டில்லை.
வெள்ளி. பகல். பன்னிரண்டு. அன்று வெட்டு முடிந்திருந்தது.

வலது ஓரத்தில்
நான் போடாத ஒரு கட்டத்தை
ஸ்கேல் வைத்து அவளே வரைந்திருந்தாள்.
தலைப்பு, அரைக்கூலி.
கீழே ஒன்றும் இல்லை,
மேலிருந்து கீழ்வரை
நேரான கோடுகள் மட்டும்.